எல்லா சகுராமோச்சியும் அரிசி உருண்டை இல்லை
சகுராமோச்சி என்பது செர்ரி இலையில் சுற்றித் தரும் ஜப்பானிய இனிப்பு. அதை ஒட்டும் அரிசியில் பிடித்த உருண்டை என்று சொல்வது பாதிதான் சரி. அது கியோட்டோ, ஒசாகா பக்கத்து தோம்யோஜி வகை. வேகவைத்து உலர்த்திக் குருணையாக உடைத்த அரிசியில் செய்வது. டோக்கியோவின் சோமேய்ஜி வகையில் கோதுமை மாவைக் கரைத்து, மெல்லிய தோசை மாதிரி வார்த்து, அசுகி பயறு விழுதை வைத்துச் சுருட்டுவார்கள். சுமிதா ஆற்றங்கரையில் 1717-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பழைய பலகாரம் அது. அப்புறம், சுற்றியிருக்கும் இலையைச் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் சாப்பிடலாம். உப்பில் ஊறிய செர்ரி இலை அது. முதல் தடவை நான் இலையை உரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன், வெறும் இனிப்பு திகட்டிவிட்டது. இலையோடு கடித்தபோதுதான் அந்த மணமும் உப்பும் சேர்ந்து ருசியே புரிந்தது. ஆனால் மே 5 குழந்தைகள் நாளுக்குச் செய்யும் இன்னொரு ஜப்பானிய இனிப்பான காஷிவாமோச்சியைச் சுற்றும் ஓக் இலை தடிப்பானது, அதை எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள்.