தாளம் தப்பும் இணையக் கச்சேரி

இணையவழியாகச் சேர்ந்து வாசிக்கலாம் என்று நண்பர்கள் நால்வர் முடிவெடுத்த நாளிலிருந்து, நாங்கள் வாசித்த நேரத்தைவிட "இப்போது கேட்கிறதா?" என்று வினவிய நேரமே அதிகம். காணொளி அழைப்புச் செயலிகள் பேச்சை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டவை. நான் வயலினில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால், அதை மின்விசிறியின் இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடுகின்றன. (என் வாசிப்பைப் பற்றிய விமர்சனமாகவும் அதைக் கொள்ளலாம்.)

அதைவிடக் கொடியது தாமதம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், பத்து மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் வாசிப்பு ஏறத்தாழ 30 மில்லிநொடியில் நம் காதை எட்டிவிடும். தாமதம் அதற்கு மேல் போனால் தாளம் தடுமாறத் தொடங்கும். இணையத் தரவைச் சுமக்கும் கண்ணாடியிழையில் ஆயிரம் கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்குச் சுமார் 5 மில்லிநொடியே போதும் என்னும்போது, நம் நேரத்தைப் பெரிதும் விழுங்குபவை வைஃபையும், ஒலியைச் சிறிது சேர்த்துவைத்தே அனுப்பும் கணினியின் ஒலி பஃபரும், புளூடூத் ஹெட்ஃபோனும்தான். இவர் அவருக்காகத் தயங்க, அவர் இவருக்காகத் தயங்க, விறுவிறுப்பாகத் தொடங்கிய பாட்டு மூன்றாம் நிமிடத்தில் ஒப்பாரியாகிவிடுகிறது.

இதற்கென்றே ஜாமுலஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் இணையத்துக்கும் ஹெட்ஃபோனுக்கும் கம்பி வேண்டும் என்று நான் எத்தனை முறை மன்றாடினாலும், எங்கள் கிட்டார் கலைஞர் வாரந்தோறும் புளூடூத்தோடுதான் வந்து அமர்கிறார். பிறகு நாங்கள்தான் பிந்துகிறோம் என்று கோபித்துக்கொள்கிறார்.