அல்ட்ராவுக்கு நடக்கவும் சாப்பிடவும் பழகுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை கப்பன் பார்க்கில் லாங் ரன் முடிந்து தோசைக்கு உட்காரும்போது இந்தப் பேச்சு தவறாமல் வருகிறது: “ஃபுல் மாரத்தான் ஒண்ணு ஓடியாச்சு, அடுத்து நேரா 50 கிலோமீட்டர் தான்.” பெங்களூருவில் ஓடுகிற நம் ஆட்களில் பலர் இப்படித்தான் அல்ட்ராவுக்குப் பேர் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதற்கப்புறம் செய்கிற பயிற்சி முழுக்க மாரத்தான் பயிற்சியாகவே இருக்கிறது. வாரத்துக்கு இன்னும் பத்து கிலோமீட்டர், புதன்கிழமை இன்டர்வல் (வேகமும் மெதுவும் மாறி மாறி), தினமும் பேஸ், அதாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று, பார்ப்பது. மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எதுவும் அல்ட்ராதான். அந்தத் தூரத்தில் ஆளைப் பாதியில் உட்கார வைப்பது பெரும்பாலும் வயிறு, பாதம், கடிகாரம், இந்த மூன்றில் ஒன்று. மூச்சு போதாமல் நின்றவர்கள் குறைவு. அப்படியிருக்க, இந்த மூன்றுக்கும் யாரும் பயிற்சி எடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். 50 கி.மீ.க்கு கட்-ஆஃப், அதாவது அதற்குள் முடித்தாக வேண்டிய நேரம், 9 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 540 நிமிடம், கிலோமீட்டருக்கு 10 நிமிடம் 48 வினாடி. தாராளமாகத் தெரியும். வழியில் தண்ணீரும் சாப்பாடும் கிடைக்கும் எய்ட் ஸ்டேஷன் எட்டு, ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் நின்றால் 40 நிமிடம் போயிற்று. மிச்சம் 500 நிமிடம், கிலோமீட்டருக்கு சரியாக 10. இதில் ஏற்றமும் இருக்கிறது, கால் கழுவுவதும் இருக்கிறது, ஷூவுக்குள் போன மண்ணைத் தட்டுவதும் இருக்கிறது. ஆகவே எய்ட் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே என்ன எடுக்கப்போகிறோம் என்று முடிவாகியிருக்க வேண்டும். பாட்டில் மூடியை 100 மீட்டர் முன்னாலேயே திறந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பு, எடு, நட. சாப்பிடுவது நடந்துகொண்டே.

கட்-ஆஃப் யாருக்காகவும் இளகாது. தென்னாப்பிரிக்காவில் 1921-லிருந்து நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் 12 மணி நேரம் முடிகிற கணத்தில் ஓர் அதிகாரி ஓடிவருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியை வெடிப்பார். முடிவுக் கோட்டுக்கு இரண்டு அடி முன்னால் இருந்தாலும் பதக்கம் கிடையாது. கிட்டத்தட்ட 90 கி.மீ. ஓடியவருக்கு அந்த இரண்டு அடி எங்கே போனது? காலையில் ஏதோ ஓர் எய்ட் ஸ்டேஷனில் நாற்காலியில் உட்கார்ந்த இடத்தில் போனது.

நடப்பதைக் கேவலம் என்று நினைக்கும் பழக்கம் மாரத்தான்காரர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. இந்தக் கணக்கைப் பாருங்கள். 7:30 பேஸில் 4 நிமிடம் ஓட்டம், 10 நிமிட பேஸில் 1 நிமிடம் வேக நடை. இப்படியே மாற்றி மாற்றிப் போனால் சராசரி 7:54 வருகிறது. ஐந்தில் ஒரு நிமிடம் நடந்ததற்குக் கொடுத்த விலை கிலோமீட்டருக்கு 24 வினாடி மட்டும். அந்த ஒரு நிமிடத்தில்தான் நாடித்துடிப்பு இறங்கும், வயிற்றுக்கு ரத்தம் போகும், வாயில் போட்டது உள்ளே இறங்கும். இதை முதல் கிலோமீட்டரிலிருந்தே செய்ய வேண்டும். 35-ஆவது கிலோமீட்டரில் களைத்துப்போய் நடக்க ஆரம்பிப்பது வேறு விஷயம், அது கிலோமீட்டருக்கு 14, 15 நிமிடத்தில் போய் நிற்கும். கிலோமீட்டர் 10 நிமிடத்தில் நடப்பதே ஒரு தனித் திறமை. வாரம் ஒருநாள் 45 நிமிடம் அதற்கென்றே ஒதுக்குங்கள்: முழங்கையை மடக்கி, சிறு சிறு அடியாக, கையை வேகமாக வீசி.

இனி சாப்பாடு. மணிக்கு 50 முதல் 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. நன்றாகப் பழகியவர்கள் 90 வரை போகிறார்கள், முதல்முறை 50 கி.மீ. ஓடுபவருக்கு அது வேண்டாம். ஒரு நடுத்தரப் பச்சைப்பழம் சுமார் 25 கிராம், நம்மூர்க் கடைகளில் தொங்கும் ஏலக்கிப் பழத்தில் அதில் பாதிதான், ஒரு ஜெல் (பிழிந்து சாப்பிடும் கெட்டியான சர்க்கரைக் கூழ்ப் பாக்கெட்) 20 முதல் 25, வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20-க்குச் சற்றுக் குறைவு. “ரெண்டு ஏலக்கி சாப்பிட்டேனே” என்பவர் உண்மையில் மணிக்கு 25 கிராமில் ஓடிக்கொண்டிருக்கிறார். நான்காவது மணியில் கால் கனப்பதற்கும் எரிச்சலும் அழுகையும் வருவதற்கும் இதுதான் காரணம். பசித்த பிறகு சாப்பிடலாம் என்றால் நேரம் கடந்துவிடும். வாட்சில் 25 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து, முதல் அரைமணியிலேயே தொடங்குங்கள்.

ஐந்தாறு மணி நேரம் கழித்து இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அப்போதுதான் நம் சமையலின் அருமை தெரியும். உப்பும் மிளகும் தூவிய உருளைக்கிழங்கு, சின்ன உருண்டையாகப் பிடித்த தயிர்சாதம், ஃப்ளாஸ்கில் வெதுவெதுப்பாகத் தெளிந்த ரசம். இட்லி நல்லது, எண்ணெய் குழைத்த பொடி மட்டும் வேண்டாம். கொழுப்பு இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். எதுவானாலும் பந்தயத்தன்று முதன்முதலாகத் தின்னக் கூடாது. லாங் ரன்னில் எட்டுப் பத்துமுறை தின்று பழகினால் குடலும் பழகிக்கொள்ளும்.

வயிறு ஏன் கெடுகிறது? ஓடும்போது ரத்தம் தசைக்கும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் போய்விடுகிறது. குடலுக்குக் கிடைப்பது மிச்சம். அந்த நேரத்தில் ஒரு ஜெல்லைப் பிழிந்து, மேலே இனிப்பு பானத்தையும் ஊற்றினால் கரைசல் கெட்டியாகி அங்கேயே தேங்கும். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர்தான். ஓஆர்எஸ் விஷயத்தில் நடக்கும் தவறும் இதே வகை. 1 லிட்டருக்கான பாக்கெட்டை 500 மில்லி பாட்டிலில் கொட்டிக் கலக்குகிறார்கள். இருமடங்கு கெட்டியான உப்புச் சர்க்கரைக் கரைசல் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், அப்புறம் புதர் தேட வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி சரியாகக் கலந்த 1 லிட்டரில் சோடியம் சுமார் 1,725 மில்லிகிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். உப்புக்குப் பிரமாதம், தெம்புக்குப் போதவே போதாது. ஓஆர்எஸ் குடித்தாயிற்று என்று சாப்பாட்டை விடாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அது உப்புக்கு மாற்றாகாது.

வாந்தி வந்தால் ஆட்டம் முடிந்துவிடவில்லை. 15 நிமிடம் மெதுவாக நடந்து, வாய் கொப்பளித்து, தண்ணீரை மடக்கு மடக்காக, பிறகு ஒரு துண்டு உருளைக்கிழங்கு. பலர் இப்படி மீண்டு வந்து முடித்திருக்கிறார்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் அளவு கிடையாது. உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு, உடுப்பில்லாமல் எடை பாருங்கள். முன்னால் 62.4 கிலோ, பின்னால் 61.5, இடையில் குடித்தது 300 மில்லி என்றால் வியர்வை 1.2 லிட்டர். இதைப் பெங்களூருவின் விடியற்காலையில் மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 900 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காற்றில் ஓடிப் பழகியவர் ஜவ்வாது மலை வெயிலுக்கோ சென்னையின் புழுக்கத்துக்கோ போனால் கணக்கு தலைகீழாகும். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். கடைசி மூன்று வாரத்தில் சில ஓட்டங்களை மதியம் 12-க்கு மாற்றுங்கள், மெதுவாக.

குறைவாகக் குடிப்பதைவிட அதிகமாகக் குடிப்பது ஆபத்தானது என்பதை நம் குழுக்களில் இன்னும் பலர் நம்புவதில்லை. வியர்வையைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். மோதிரம் விரலில் இறுகும், வாட்ச் பட்டை தோலில் அச்சுப் பதிக்கும், தலைவலி, குமட்டல், பிறகு பேச்சில் தடுமாற்றம். பார்ப்பவர்கள் நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். அது உயிரையே எடுத்துவிடும். ஓடும்போது எடை கூடியிருந்தால் தண்ணீரை நிறுத்தி, உடனே மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

பாதத்துக்கு வருவோம். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது சுகம், ஆனால் அது கால் வழியே இறங்கி சாக்ஸில் நின்று தோலை ஊறவைக்கும். ஊறிய தோல் உரசினால் கொப்புளம். குனிந்து நின்று ஊற்றுங்கள். கொப்புளம் வலிக்கிற அளவுக்கு வந்துவிட்டால் கிருமிநாசினியால் துடைத்து, சுத்தமான ஊசியால் ஓரத்தில், தரைப்பக்கமாக இரண்டு இடத்தில் குத்தி நீரை அழுத்தி எடுங்கள். மேல்தோலைக் கிழிக்கவே கூடாது, அதுதான் கட்டு. காயவிட்டு டேப் ஒட்டி, டேப்பின் முனைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், சதுர முனை சாக்ஸில் மாட்டிச் சுருளும். ஷூ அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். இறக்கத்தில் விரல் முன்னால் மோதாமல் இருக்க, யாரும் பயன்படுத்தாத அந்தக் கடைசித் துளையில் லேஸை அதே பக்கமாகக் கோத்து வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாது.

இறக்கம் என்றதும் ஒன்று. சிக்கமகளூர் காபித் தோட்டங்களில் நடக்கும் மல்நாடு அல்ட்ரா மாதிரியான ஓட்டங்களில் தொடையைத் தீர்த்துக்கட்டுவது ஏற்றம் கிடையாது, இறக்கம்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, நார்கள் சேதமாவது அப்போதுதான். கப்பன் பார்க்கின் சமதளம் இதைச் சொல்லித்தராது. நந்தி மலைச் சாலையில் நடந்து ஏறி, ஓடி இறங்குங்கள். அங்கே போக முடியாதவர்களுக்கு அபார்ட்மென்ட் படிக்கட்டு இருக்கிறது, லிஃப்டைத் தொடாமல். கடைசிக் கடுமையான இறக்கப் பயிற்சி பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு முடிந்துவிட வேண்டும். அந்தப் பயிற்சியின் வலியோடு தொடைத்தசைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சில வாரம் நிற்கும்.

ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் ஸ்டேடியம் ஓட்டத்தின் கதை வேறு. 2022 ஜூலையில் ஆசிய ஓசியானியா 24 மணி நேரப் போட்டி நம் கண்டீரவா அரங்கில்தான் நடந்தது, இந்திய ஆண்கள் அணி தங்கம் வென்றது. 400 மீட்டர் தடத்தில் 100 கி.மீ. என்றால் 250 சுற்று. ஒரே பக்கம் திரும்பித் திரும்பி இடது முட்டிக்கும் இடுப்புக்கும் சுமை ஏறும், சில மணிக்கு ஒருமுறை திசையை மாற்றுவது அதனால்தான். அதிகாலை 3-லிருந்து 5 வரைதான் மிகக் கடினம். காபியை அதுவரை தொடாமல் வைத்திருந்தால் அப்போது வேலை செய்யும்.

ஓடும்போது கூடவே சுமக்க வேண்டிய கட்டாயப் பொருள் பட்டியலைப் பார்த்து முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டத்தில் திடீர்க் குளிர்மழையிலும் காற்றிலும் 21 பேர் இறந்தார்கள். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாக இருந்தார்கள். காற்றுத் தடுப்பு ஜாக்கெட் அங்கே கட்டாயமாக இருக்கவில்லை. ஜாக்கெட், ஃபாயில் போர்வை, விசில், ஹெட்லேம்ப், மாற்று பேட்டரி எல்லாம் சேர்த்துப் பையில் அரை கிலோகூட வராது.

வலி மாத்திரை வேண்டாம். இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே உடம்பில் நீர் குறைந்து, சிதைந்த தசையின் கழிவும் அங்கேதான் வந்து சேருகிறது. முடித்த பிறகும் ஒருநாள் தொடாதீர்கள். சிறுநீர் கருங்காபி நிறத்தில் போனாலோ, பல மணி நேரமாக வராமலே இருந்தாலோ தூங்கி எழுந்து பார்ப்போம் என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

வீடு திரும்பும் ஏற்பாட்டைப் பேர் கொடுக்கும் அன்றே செய்துவிடுங்கள். சிக்கமகளூரிலிருந்து பெங்களூருவுக்கு ஏறத்தாழ 250 கி.மீ. இரவெல்லாம் விழித்து ஓடியவர் அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஓடாத ஒருவர் ஓட்டட்டும், இல்லையென்றால் அங்கேயே ஓர் இரவுக்கு அறை எடுங்கள்.