இருபது வருஷக் கணக்கு இடிக்கிறதே

நாவல் எழுத ஒரு கட்டுரையாளர் யோசனை சொன்ன கரு நல்ல கரு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மூன்று தோழிகள் 1990இல் ஒரு விபத்துச் சாவை மூடி மறைக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் உம்கேனி ஆற்றங்கரையை அரித்து எலும்பை வெளியே கொண்டுவருகிறது. ஆனால் கதையில் வரும் "போலீசில் சொல்லிடுவேன்" என்ற மிரட்டல் எடுபடாது. அந்த நாட்டின் 1977 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, கவனக்குறைவால் நேர்ந்த சாவுக்கு 20 வருஷத்துக்குப் பிறகு வழக்கே போட முடியாது. கொலைக்கு அந்தக் கெடு இல்லை. ஆகவே செத்தவள் மேட்டிலிருந்து தானாக விழுந்தாளா, தள்ளினார்களா என்ற சந்தேகம் கடைசிவரை உயிரோடு இருக்கணும். அதன் விதையை முதல் கால்வாசியிலேயே, டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக் கல்யாண வீட்டில் பிரியாணி அண்டா பக்கத்துப் பேச்சில் போடுங்கள்: "அவ செருப்பு மேட்டுலயே கிடந்துச்சே" என்று தோழிகளில் ஒருத்தி வாய்தவறட்டும். மேட்டுக்கே போகவில்லை என்று சொல்லிவந்தவள்தான் அவள்! இந்தச் சட்டத்தை விளக்க வக்கீல் வரும் அத்தியாயம் ஒன்று போதும்.