மண்ணுக்கான நொதி பாட்டிலில் வராது

விவசாயிகளிடம் மண்ணுக்கு என்சைம் பாட்டில் விற்ற அந்தக் கூட்டத்து வீடியோவை இந்நேரம் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். பேசியவர் பெயரும் கம்பெனி பெயரும் இங்கே வேண்டாம். ஆனால் ஆம்பூர் பக்கம் உப்பேறிக் கிடக்கும் கழனியை, ஏக்கருக்கு 2 லிட்டர் என்சைம், அதாவது நொதி, ஊற்றி 15 நாளில் எழுப்பிவிடலாம் என்று ஒருவர் மைக்கில் சொல்ல, அதற்குக் கைதட்டலும் விழுந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. "ஊத்துனது எத்தினி நாளு நிக்கும்?" என்று கேட்ட பெரியவரை, "உக்காருங்க ஐயா, இது சயின்ஸ்" என்று அடக்கினார்கள். அங்கே கேட்கப்பட்ட ஒரே சயின்ஸ் கேள்வி அதுதான்.

பதில் இதுதான். நொதி என்பது உயிர்கள் சுரக்கும், வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். புரதத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் நிறைய இருக்கின்றன. வெளியிலிருந்து ஊற்றுவதில் பெரும்பகுதி சீக்கிரமே சிதைந்துவிடும். களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டது மட்டும்தான் நிற்கும், அப்படி ஒட்டியதுகூட முழு வேகத்தில் வேலை செய்யாது. நம் செம்மண் கொல்லைகளில் (மேட்டு நிலங்களில்) களி குறைவு, கரிமச் சத்தும் பல இடங்களில் 0.5 சதவீதத்துக்குக் கீழே. பிடித்து வைக்க என்ன இருக்கிறது? ஒரு ஏக்கரின் மேல் 15 செ.மீ. மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடை. அதில் 2 லிட்டர்.

மண்ணுக்கான நொதி பாட்டிலில் வராது. வேரும் நுண்ணுயிரும் தங்கள் பசிக்காக அதைச் சுரக்கின்றன. அவற்றுக்குச் சோறு போட்டால் நொதி தானே வரும்.

வீடியோவில் தெரிந்த பாட்டில் லேபிளைப் பெரிதாக்கிப் படித்தேன். முதல் பெயரே டீஹைட்ரோஜினேஸ். மண் ஆய்வில் இதை அளப்பதே, உயிருள்ள செல்லுக்குள் மட்டும் அது வேலை செய்கிறது என்பதால்தான். ஈர மண்ணோடு டி.டி.சி. என்ற உப்பைக் கலந்து 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால், உயிர்ப்புள்ள மண் அதைச் சிவப்பாக்கும். செல் செத்தால் அந்த வேலையும் நின்றது. அதைப் பிரித்தெடுத்து ஊற்றி மண்ணுக்கு உயிர் கொடுக்க முடியாது.

அடுத்த பெயர் யூரியேஸ். நம் மண்ணில் அதற்குப் பஞ்சமே இல்லை! யூரியாவை ஈரத்தின் மேல் வீசிவிட்டுப் போனால், யூரியேஸ் அதைச் சில நாளில் அம்மோனியாவாக்கிவிடும். பாலாற்றங்கரையின் கார மண்ணில் அது காற்றோடு போகும். அங்கே நாம் செய்ய வேண்டியது தழைச்சத்தை (நைட்ரஜனை) மெதுவாக விடுவது. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம்புண்ணாக்குத் தூள் 1 பங்கு கலந்து ஒரு இரவு வைத்திருந்து போடுங்கள். கூடுதல் யூரியேஸுக்குக் காசு கொடுப்பது சத்தை விரட்டக் காசு கொடுப்பது.

மூன்றாவது பாஸ்பேட்டேஸ். மட்கில் சிக்கியிருக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) விடுவிப்பது இது. ஒவ்வொரு போகத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு டி.ஏ.பி. என்ற மணிச்சத்து உரம் போட்டால், கரைந்த மணிச்சத்து பக்கத்திலேயே கிடைப்பதால் வேரும் நுண்ணுயிரும் இதைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். மண் பரிசோதித்து அரசு தரும் உங்கள் மண்வள அட்டையில் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்றிருந்தால் டி.ஏ.பி.யைக் குறையுங்கள். அதற்குச் செலவே கிடையாது.

"இவன் இயற்கை விவசாயக் கோஷ்டி, உரத்துக்கு எதிரி" என்று இப்போது சிலர் எழுதுவார்கள். இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை இன்னும் நடக்கிறது. தொழுவுரத்தோடு உரமும் சேர்த்த மண்ணே நன்றாக இருக்கிறது என்பதைத்தான் இப்படிப்பட்ட நீண்டகாலச் சோதனைகள் காட்டுகின்றன. நான் உரத்துக்கு எதிரி இல்லை, பொய்க்கு எதிரி.

"லேப் ரிப்போர்ட்டில் நொதி அளவு ஏறியிருக்கிறதே" என்பார்கள். வெல்லப்பாகு கலந்த எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் டீஹைட்ரோஜினேஸ் சில நாள் ஏறும், தின்று முடித்ததும் இறங்கும். ஒரு பாத்தியில் பாட்டில் மருந்து, இன்னொன்றில் அதையே நொதி சிதையும்படி கொதிக்க வைத்து ஆறவிட்டது, மூன்றாவதில் வெறும் தண்ணீர். இரண்டு மாதம் கழித்து மூன்றிலும் மண் எடுத்து, காயவிடாமல் 4 டிகிரி குளிரில் லேபுக்குக் கொண்டுபோய் அளந்து காட்டட்டும். கொதித்ததும் கொதிக்காததும் ஒன்றுபோல் வந்தால் அதில் வேலை செய்தது நொதி அல்ல. இதைக் கேட்பது தொழில் விரோதமாம்.

மண்வள அட்டையும் எல்லாம் சொல்லாது. 2015 முதல் வரும் அந்த அட்டையில் 12 அளவுகள், ஒன்றுகூட நொதி இல்லை. அந்த ஓட்டையில்தான் இந்த வியாபாரம் நுழைகிறது.

எனக்கு ஆறாதது உப்பு நிலத்தை வைத்து விற்பதுதான். தோல் தொழிற்சாலைக் கழிவு நீர் பாய்ந்த கழனியில் சோடியம் களியைக் கலைத்துவிடுகிறது. மண் இறுகுகிறது, காற்று போகாது, நுண்ணுயிர் சோர்கிறது, நொதி விழுகிறது. நொதி விழுந்தது விளைவு. சோடியம் அங்கேயே உட்கார்ந்திருக்க, விளைவுக்கு மருந்து ஊற்றி என்ன பயன்? மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டு, வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் தேக்கி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால் அது களியிலிருந்து விலக்கிய சோடியம் போக வழியில்லை. பிறகு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து, பூக்கும் முன் சுமார் 45 நாளில் மடக்கி உழ வேண்டும். தோல் பதனிடுவதிலிருந்து வந்த குரோமியத்தை இதெல்லாம் நீக்காது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது இந்தப் பாலாற்றுப் பக்கத்து நிலங்களுக்காகத்தான். அந்த ஜனங்களிடமே இன்று பாட்டில் விற்கிறார்கள், அதுவும் கடனுக்கு.

கொல்லைக்காரர்களுக்கு ஏரி வண்டல் இருக்கிறது. அதன் களிதான் நொதியைப் பிடித்து வைக்கும். அந்த ஏரியில் கழிவு நீர் சேர்கிறதா என்று பார்த்து, உப்பு அளவு சோதித்த பிறகே அள்ளுங்கள். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் போடுங்கள், மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) முன்னால் ஆட்டுக் கிடை கிடைத்தால் விடாதீர்கள். கரும்புச் சோகையை (காய்ந்த தோகையை) கொளுத்தாதீர்கள். சோகையில் தழைச்சத்து குறைவு என்பதால், கொஞ்சம் யூரியா தெளிக்காவிட்டால் அதை மக்கவைக்கும் நுண்ணுயிரே பயிரின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். கரும்பு மஞ்சளானால் சோகையைத் திட்டாதீர்கள்.

பாட்டில் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பாதிக் கழனிக்கு மட்டும் ஊற்றி, மீதியை அப்படியே விடுங்கள். இரண்டு பக்கமும் 15 செ.மீ. ஆழத்தில் ஒரே அளவு வெள்ளைப் பருத்தித் துணி புதையுங்கள், டெரிகாட்டன் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே ஈரம் இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்துத் தோண்டி, எது எவ்வளவு மக்கியிருக்கிறது என்று படம் எடுத்து கமெண்டில் போடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரைத்தால் நொதி இருக்கிறது என்று காட்டும் வித்தையை நம்ப வேண்டாம், மாங்கனீசு இருக்கும் மண்ணும் அப்படித்தான் நுரைக்கும்.