இடது கை கோல்ஃப் ஆட்டக்காரன் கிளவுஸை வலது கையில்தான் போடுவான்!

மூன்றாவது பார்சலிலும் இடது கை கிளவுஸ்தான் வந்திருக்கிறது. மூன்றாவது!

காலை பதினொன்றரைக்குக் கூரியர் தம்பி வந்தார். ஓ.டி.பி. சொல்லி வாங்கியதும் உள்ளே கொண்டுபோகக்கூடப் பொறுமை இல்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து வண்டிச் சாவியால் டேப்பைக் கிழித்தேன். வெள்ளைத் தோல் கிளவுஸ். அளவு சரி, தையல் சரி. உள்ளங்கைப் பக்கத்தை முகத்துக்கு நேராகப் பிடித்தால் கட்டைவிரல் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நான்தான் மாற்றிப் பிடித்திருக்கிறேனோ என்று புரட்டினேன். ஒட்டுப் பட்டை புறங்கைப் பக்கம் ஒழுங்காக இருந்தது. மறுபடி புரட்டினேன். கட்டைவிரல் அதே இடது பக்கம். மனசு கேட்காமல் வலது கையை நுழைத்தும் பார்த்தேன். சுண்டுவிரல் போகிற இடத்தில் கட்டைவிரல் எப்படிப் போகும்?

உடனே போன் போட்டேன். 19 நிமிடம் காத்திருக்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண் பேசினார்.

“சார், ஆர்டர்ல லெஃப்ட் ஹேண்ட் பிளேயர்னு போட்டிருக்கீங்களே?”

“ஆமாம்மா. லெஃப்ட் ஹேண்ட் பிளேயர். அதனால கிளவுஸ் வலது கைக்கு வேணும்.”

“அப்ப நீங்க ரைட் ஹேண்ட் பிளேயரா சார்?”

“இல்லம்மா. லெஃப்ட்.”

“லெஃப்ட் தானே சார் அனுப்பியிருக்கோம்?”

இதே நாலு வரியை ஆறு முறை பேசினோம். ஏழாவது முறை மேலதிகாரியிடம் கொடுத்தார். அவர் சொல்கிறார்: “எல்லாருமே இடது கையிலதான் சார் போடுவாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணினதில்லை.” ஐயா, உங்களிடம் வாங்குகிறவர்கள் எல்லாரும் வலது கை ஆட்டக்காரர்கள்! அவர்களுக்கு மட்டையின் மேல் நுனியைப் பிடிப்பது இடது கை, கிளவுஸ் அந்தக் கைக்கு. நான் பந்துக்கு மறுபக்கம் நின்று அடிக்கிறேன். எனக்கு மேல்கை வலது கை. கிளவுஸ் மேல்கைக்குத்தான். அவ்வளவுதான் விஷயம். கோல்ஃப் சாமான் விற்கிற கடைக்கு இதை ஒரு வாடிக்கையாளர் வந்தா பாடம் எடுக்க வேண்டும்?

முதல் ஆர்டரில் குறிப்பாக எழுதினேன். இரண்டாவதற்கு முன் போனில் சொன்னேன். மூன்றாவதற்கு என் வலது உள்ளங்கையில் பேனாவால் “இந்தக் கை” என்று எழுதிப் போட்டோ எடுத்தே அனுப்பினேன். “நோட்டட் சார்” என்று பதில் வந்தது. என்னத்தை நோட் பண்ணினீர்கள்?

ஒரு கிளவுஸுக்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் சித்திரை மாதம் காரைக்குடிக்கு வந்து வெறுங்கையோடு நூறு முறை மட்டையைச் சுழற்றிப் பாருங்கள். வியர்வையில் ரப்பர் பிடி வழுக்கும். வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடித்தால் தோல் உரியும். என் வலது கை மோதிர விரலின் அடியில் கொப்புளம் வந்து, உடைந்து, ஆறும் முன்னே அதன் மேல் இன்னொன்று வந்திருக்கிறது. சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசையும்போது சுரீர் என்கிறது. மூன்று வேளையும்.

மலேசியாவில் வேலை பார்த்த காலத்தில் பழகிய ஆட்டம் இது. 19 வருடம் வலது பக்கமாக அடித்தேன். அப்புறம் வலது முழங்கையின் உட்புறம் வலி பிடித்துக்கொண்டது. சரியாகும், மறுபடி அடிப்பேன், மறுபடி வலிக்கும். விட்டுவிட மனம் வரவில்லை. பக்கத்தை மாற்றினேன். இப்போது ஏழு மாதம்.

அந்த ஏழு மாதத்தை அந்த மேலதிகாரி வந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு மாதம் பந்தே இல்லை, வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் மூங்கில் கம்பை வைத்துக்கொண்டு, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் ஓரக்கோட்டில் பாதத்தைச் சேர்த்து நின்று, தோளைத் திருப்பி, இடுப்பைத் திருப்பி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து. உடம்பு பழைய பக்கத்தை மறக்க மாட்டேன் என்கிறது. மட்டை மேலே போய்த் திரும்பும் இடத்தில் கீழ்க்கையாக இருக்கும் இடது கை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணத்தில் எல்லாம் போய்விடும். பிறகு வற்றிய கண்மாய்க்குள் இறங்கி செவன் அயர்ன் என்கிற ஏழாம் எண் இரும்பு மட்டையால் சின்னச் சின்ன அடிகள். பாதிப் பந்துகள் சீமைக்கருவேலத்துக்குள் போயின. போன வாரம்தான், ஏழு மாதத்தில் முதல் தடவையாக, பந்து மட்டை முகத்தின் நடுவில் பட்டது. அந்தச் சத்தம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். கையில் எதுவுமே படாத மாதிரி இருக்கும். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அடுத்த அடிக்கு மட்டை கையிலேயே சுழன்றுவிட்டது. வியர்வை. கிளவுஸ் இல்லை!

போதாததற்கு ஊர் வாய். “சோத்தாங்கை நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தம்பி பீச்சாங்கையில?” தெருவில் மூன்று பேராவது கேட்டுவிட்டார்கள். வலி என்று சொன்னால், வலி வந்தால் விளையாட்டை விடு என்கிறார்கள். என் சித்தப்பா மகன் பிறவியிலேயே இடது கைக்காரன். பென்சிலை இடது கையில் எடுத்தால் வாத்தியார் ஸ்கேலைத் திருப்பி விரல் முட்டியிலேயே அடிப்பார். வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் அவனுடைய இடது கையைத் துண்டால் மடியோடு கட்டிவிடுவார்கள். கடைசியில் வலது கைக்கு மாறினான். இன்றைக்கும் அவசரத்தில் எழுதினால் அவன் கை நடுங்குகிறது. அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். இடது கை என்றாலே தப்பு, திருத்த வேண்டியது என்ற அதே எண்ணம்தான் கடைக்காரரின் பேச்சிலும் எனக்குக் கேட்கிறது.

1963-இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற நியூசிலாந்துக்காரர் பாப் சார்லஸ்தான் மேஜர் எனப்படும் நான்கு பெரிய கோல்ஃப் போட்டிகளில் ஒன்றை வென்ற முதல் இடது கை ஆட்டக்காரர். இரண்டாமவர் வர நாற்பது வருடம் ஆனது. 2003-இல் கனடாவின் மைக் வியர் மாஸ்டர்ஸ் என்ற மேஜரை வென்றார். அடுத்த வருடமே அதே மாஸ்டர்ஸில் ஃபில் மிக்கெல்சன். இந்த மூன்று பேருமே மற்ற வேலைகளில் வலது கைக்காரர்கள்! மிக்கெல்சன் சின்னப் பிள்ளையில் அப்பாவுக்கு எதிரே நின்று, கண்ணாடியில் தெரிவது போல அவரைப் பார்த்தே பழகினார். 2021-இல் ஐம்பது வயதில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் என்ற மேஜரையும் வென்றார். வலது கைக்காரன் இடது பக்கமாக அடிப்பது உலகத்தில் இல்லாத அதிசயம் ஒன்றும் இல்லை. அவர்கள் எல்லாரும் கிளவுஸை வலது கையில்தான் போட்டார்கள். ஒரு போட்டோவைப் பார்த்தால் போதும், அந்தக் கடைக்காரருக்கு விளங்கிவிடும். பார்க்க மாட்டார்.

நாலாவது பார்சல் வர இன்னும் ஒன்பது நாள் ஆகுமாம். அதிலும் இடது கைதான் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் குரல் கேட்கிறது. கல்யாண போட்டோ எடுக்கிற கூட்டம். மாப்பிள்ளை, பெண், குடை பிடிக்கிற பையன், ட்ரோன் எல்லாம் திண்ணைக்கே ஏறிவிட்டது. “பத்தே நிமிஷம் சார், தூண் மட்டும்.” வீடு பழையது என்றால் ஆள் இல்லாத வீடு என்று அர்த்தமா? கேட்டுவிட்டாவது படி ஏறுங்களய்யா! போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் வளவில் மஞ்சள் பொடியைத் தூவிப் படம் எடுத்துவிட்டுப் போனார்கள். தேங்காய் எண்ணெய் போட்டு ரெண்டு நாள் தேய்த்தும் ஆத்தங்குடிக் கல்லில் கறை அப்படியே இருக்கிறது. சரியாக நான் பாதத்தைச் சேர்த்து நிற்கும் அந்த ஓரக்கோட்டில்.