படம் பார்க்க டிகிரி எதற்கு என்று சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். என் நட்பு வட்டத்திலேயே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள், சிலர் சிரிப்பு எமோஜியோடு. அதனால் யார் பேசினார், எந்த மேடை என்றெல்லாம் விளக்கப்போவதில்லை. மாணவர்கள் கலந்துகொண்ட மேடை நிகழ்ச்சி அது. ஒரு பெண் எழுந்து, ஊடகமும் பண்பாட்டு ஆய்வும் படிக்க ஆசை என்று சொன்னாள். சினிமா, தொடர், பத்திரிகை எல்லாம் மக்கள் வாழ்க்கையில் என்ன செய்கின்றன என்று ஆராயும் படிப்பு அது. "படம் பார்க்கிறதுக்கும் சீரியல் பார்க்கிறதுக்கும் டிகிரி எதுக்கும்மா? வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலாமே" என்றார் மேடையில் பேசிக்கொண்டிருந்தவர். அரங்கமே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "ஜோக்கா சொன்னதுக்கு ஏன் இவ்வளவு கோபம்? அதில் என்ன தப்பு?" என்று நண்பர் ஒருவர் கேட்ட பிறகு இருக்க முடியவில்லை.

அதே மேடையில் இன்னொரு மாணவர் இலக்கியம் படிக்கப்போவதாகச் சொன்னார். கதை படிக்க டிகிரி எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. ஆயிரம் பேர் வாசிக்கும் கவிதையை ஆராய்ந்தால் அறிவு, கோடிப் பேர் பார்க்கும் தொடரை ஆராய்ந்தால் வெட்டி வேலை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? தொடரைப் பார்ப்பவர்கள் யார் என்பதிலிருந்து வந்தது. வீட்டில் இருக்கும் பெண்கள், வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள், அதிகம் படிக்காதவர்கள். அவர்கள் ரசனையில் ஆராய என்ன இருக்கிறது என்ற நினைப்புதான் அந்தச் சிரிப்பு. அந்த அரங்கம் சிரித்தது அந்த மக்களைப் பார்த்துத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே பேச்சில், கொஞ்ச நேரம் கழித்து, சினிமாவும் செல்போனும்தான் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்கிறார். அதற்கும் கைதட்டல். ஒரு தலைமுறையையே கெடுக்கும் அளவுக்குச் சக்தி வாய்ந்த விஷயம் என்றால், அது எப்படி வேலை செய்கிறது என்று யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டாமா? படிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமே இல்லை என்றால், கெடுக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது.

பண்பாட்டு ஆய்வு என்ற இந்தத் துறை எங்கே பிறந்தது என்று தெரிந்திருந்தால் அவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்று நம்ப விரும்புகிறேன். பிரிட்டனில் இதற்கு வித்திட்டவர்களில் ரிச்சர்ட் ஹாக்கர்ட் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். ரேமண்ட் வில்லியம்ஸின் அப்பா ரயில்வே சிக்னல்காரர். இருவருமே பல்கலைக்கழகத்துக்கு வர முடியாத வயதுவந்தோருக்குப் பல வருடங்கள் பாடம் நடத்தியவர்கள். அந்த வகுப்புகளிலிருந்துதான் கேள்வி வந்தது: நாங்கள் படிக்கும் பத்திரிகை, கேட்கும் பாட்டு, பார்க்கும் படம் இவையெல்லாம் பண்பாடு இல்லையா? பண்பாடு என்பது சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையில் இருப்பது என்று வில்லியம்ஸ் 1958இல் எழுதினார். 1964இல் ஹாக்கர்ட் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். அவருக்குப் பிறகு அதை நடத்தியவர் ஸ்டூவர்ட் ஹால், ஜமைக்காவிலிருந்து வந்தவர்.

அங்கே என்ன செய்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 1973இல் பர்மிங்ஹாமில் ஒரு வழிப்பறி வழக்கில் பதின்வயதுப் பையன்கள் மூவருக்குத் தண்டனை விதித்தார்கள். ஒருவனுக்கு இருபது வருடம், மற்ற இருவருக்கும் பத்துப் பத்து வருடம். ஹாலும் அவருடைய குழுவினரும் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலைப்புச் செய்தி, தலையங்கம், ஆசிரியருக்கு வந்த கடிதம், நீதிபதியின் சொற்கள், போலீஸ் தரப்பு சொன்னது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். காலங்காலமாக இருந்த வழிப்பறி, 'மக்கிங்' (mugging) என்ற புதுப் பெயர் வந்ததும் எப்படி நாட்டையே நடுங்கவைக்கும் புதுக் குற்றமாக மாறியது, அந்த பயம் எப்படிக் கறுப்பின இளைஞர்கள் மேல் போய் விழுந்தது என்று காட்டினார்கள். 1978இல் அது புத்தகமாக வந்தது. இதையா வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறீர்கள்?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கெதுக்கு" என்று ஒருவர் கமெண்ட் போடுவார், தெரியும். நம் ஊரிலேயே, திரைப்பட வரலாற்று ஆய்வாளர் தியடோர் பாஸ்கரன் விடுதலைக்கு முந்தைய தென்னிந்திய நாடகத்தையும் சினிமாவையும் அரசியலோடு சேர்த்து ஆராய்ந்து 1981இல் புத்தகமாக வெளியிட்டார். சமூக ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் எப்படி அரசியல் பலமாக ஆனது என்று 1992இல் எழுதினார். திரையிலிருந்து முதலமைச்சர்கள் வந்த ஒரு சமூகம், திரையைப் படிப்பது வீண் என்று சிரிக்கிறது. எனக்கு இது வலிக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். முதுகலை ஆய்வேட்டுக்காக நான் எடுத்துக்கொண்டது தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் பெண்கள். வீடு வீடாகப் போய், அவர்களோடு உட்கார்ந்து தொடரைப் பார்த்து, பிறகு பேசி, பேசியதைப் பதிவு செய்து, இரவெல்லாம் ஹெட்போனில் கேட்டு ஒரு வரி விடாமல் எழுதி எடுக்க வேண்டும். அதில் ஓர் அம்மா. அந்தத் தொடரில் சொத்தில் தன் பங்கைக் கேட்கும் நாத்தனாரைத்தான் வில்லியாகக் காட்டினார்கள். அவள் வந்தாலே பின்னணி இசை மாறும், கேமரா முகத்துக்குக் கிட்டே போகும். அந்த அம்மா சொன்னார்: "அவ கேக்கறதுல என்னம்மா தப்பு? அவ அப்பன் சொத்துதானே. கேட்டா கெட்டவன்னு காட்டுறாங்க. நானும் கேக்காம இருந்துட்டேன்."

ஹால் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்பவர் அதை மூன்று நிலைகளில் நின்று வாசிக்கலாம் என்கிறார். சொன்னதை அப்படியே ஏற்பது ஒன்று. பாதி ஏற்றுப் பாதி தன் அனுபவத்துக்குத் தக்கபடி வளைத்துக்கொள்வது இன்னொன்று. சொல்லப்பட்டதன் கணக்கு புரிந்தே எதிர்த்து வாசிப்பது மூன்றாவது. நான் வகுப்பில் அதைப் படித்திருந்தேன், தேர்வில் எழுதியிருந்தேன். அந்த அம்மா வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எனக்குப் பாடம் ஆனது. அவர் பள்ளிக்கூடம் முடிக்காதவர். இயக்குநர் வைத்த பொறியை என்னைவிட முன்பே பார்த்துவிட்டிருந்தார். சீரியல் பார்ப்பவர்கள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது. அந்த மேடையில் இருந்தவர் கேலி செய்தது இந்த அம்மாவையும் சேர்த்துத்தான்.

சரி, வேலை. "உணர்ச்சிவசப்படாதீங்க, வேலை கிடைக்குமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. கேட்கலாம். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோர் கட்டாயம் கேட்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் செய்தி அறையில் இருக்கிறார்கள், சப்டைட்டில் எழுதுகிறார்கள், பரவும் செய்தி உண்மையா என்று சரிபார்க்கும் வேலையில் இருக்கிறார்கள், பார்வையாளர் ஆய்வு செய்கிறார்கள், கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் அவர் மேடையில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே! பேசியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவர் சிரிக்க வைத்தார். சிரிப்புக்கு ஒரு பதினேழு வயதுப் பெண் என்ன பதில் சொல்ல முடியும்?

கோட்பாட்டுப் புத்தகங்களின் நடை புரியவில்லை என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பல புத்தகங்கள் வேண்டாத அளவுக்குக் கடினமானவைதான். இது இடதுசாரிப் பிரச்சாரம் என்கிறவர்களுக்கு: படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

"கேமராவும் எடிட்டிங்கும் கத்துக்கிட்டா போதாதா" என்ற கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1993இல் ஆர்டிஎல்எம் என்றொரு வானொலி தொடங்கியது. நன்றாக நடத்தினார்கள். இளைஞர்களுக்குப் பிடித்த பாட்டு, கலகலப்பான பேச்சு, கேட்பவர்களோடு அரட்டை. மக்கள் விரும்பிக் கேட்டார்கள். அதே கலகலப்புக்கு நடுவில் அந்நாட்டுச் சிறுபான்மையினரான துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1994இல் இனப்படுகொலை நடந்தபோது அந்த வானொலி கொலைக்குத் தூண்டியது. 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அதன் நிறுவனர்களில் இருவருக்கும், அதே வெறுப்பைப் பரப்பிய ஒரு பத்திரிகை ஆசிரியருக்கும் தண்டனை கொடுத்தது. அந்த வானொலியில் தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குக் குறைவே இல்லை. ஒரு கேலிச்சொல் திரும்பத் திரும்ப ஒலித்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. இன்று அந்த வேலையைச் செய்ய வானொலி நிலையம்கூடத் தேவையில்லை, ஒரு ஃபார்வர்டு போதும். இதையெல்லாம் படிக்கத் தேவையில்லை என்கிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

"ஒரு சின்ன நகைச்சுவையை ருவாண்டா வரைக்கும் இழுக்கிறீங்க" என்று சொல்வீர்கள். இழுக்கத்தான் செய்கிறேன். நான் இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து இந்தச் சின்ன நகைச்சுவையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "டிவி படிக்கிற பொண்ணு" என்று என்னை அறிமுகப்படுத்திய மாமா இருக்கிறார். ஆய்வேட்டை முடித்துக் கையில் கொண்டுவந்த அன்று, "இத்தனை பக்கமா? சீரியலுக்கா?" என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார். அதை என் அப்பா மட்டும் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பாதி புரிந்திருக்காது. ஆனால் படித்தார். படிப்புக்குக் கொடுக்கும் மரியாதை என்றால் எனக்கு அதுதான்.

அந்த வீடியோவில் என்னை அதிகம் காயப்படுத்தியது பேசியவர்கூட இல்லை. பின்வரிசையில், இதே பாடத்தை வருடக்கணக்கில் நடத்தும் பேராசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நானும் அவருடைய கட்டுரைகளைப் படித்து வளர்ந்தவள். மைக் பிறகு அவர் கைக்கும் வந்தது. "அந்தப் பெண் படிக்க நினைப்பது நல்ல படிப்பு" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லி, சால்வையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, சிரிக்கிறார்கள். தெரிந்தவர் ஏன் சார் பேசாமல் இருந்தீர்கள்?

இந்தப் படிப்பில் சேர நினைத்து, அந்த வீடியோவைப் பார்த்துத் தயங்கி நிற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வுமுறை என்று தனித் தாள் இருக்கிறதா, களப்பணி இருக்கிறதா, கடைசி வருடம் சொந்தமாக ஓர் ஆய்வேடு எழுத விடுகிறார்களா என்று பாருங்கள். எல்லாமே கேமரா, எடிட்டிங், ஸ்டுடியோ என்று மட்டும் இருந்தால் அது வேறு படிப்பு. அதுவும் நல்ல படிப்புதான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவாக இருக்காது. குழப்பமாக இருந்தால் பாடத்திட்டத்தை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். உட்கார்ந்து வாசித்துவிட்டுச் சொல்கிறேன்.