உண்மை விளக்கம்: 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பற்றாதது அல்ல

"ஆங்கிலச் சொல்லின் முன்னால் 'இன்' வந்தாலே எதிர்ப்பொருள்தான், டேங்கரில் 'இன்ஃப்ளேமபிள்' என்றிருந்தால் உள்ளே தீப்பற்றாத சரக்கு" என்றொரு வாட்ஸ்அப் செய்தி கிருஷ்ணகிரிப் பக்கம் சுற்றுகிறது. இது தவறு; பெங்களூரு நெடுஞ்சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு ஆபத்தான தவறும்கூட.

'இன்கரெக்ட்' போன்றவற்றில் அம்முன்னொட்டு மறுப்பைக் குறிப்பது உண்மையே. ஆனால் லத்தீனில் அதே ஒலியோடு, 'உள்ளே' என்று பொருள்படும் வேறொரு முன்னொட்டும் உண்டு. அது சுடரைக் குறிக்கும் 'ஃப்ளம்மா'வோடு சேர்ந்து தீமூட்டுதல் என்ற வினையாகி, 'இயலும்' என்னும் பொருளுடைய 'ஏபிள்' பின்னொட்டை ஏற்று, எளிதில் தீப்பற்றக்கூடியது என்ற பொருளிலேயே ஆங்கிலத்தில் நிலைத்தது. இக்குழப்பத்துக்கு அஞ்சியே 1920-களில் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்ற வடிவைப் பரிந்துரைத்தது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தீப்பற்றாததற்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்பார்கள். ஐயமிருந்தால், தீச்சுடர் படமும் 3 என்ற எண்ணும் கொண்ட சிவப்புச் சாய்சதுரப் பலகையைப் பாருங்கள்: அது எளிதில் தீப்பற்றும் திரவத்துக்கான குறி.